கொச்சி என்ற சொல்லின் முதல் சீட்டு

ஆராய்ச்சிக் கட்டுரை மேல் பேராசிரியர் தோமோரி எழுதிய மதிப்பீடு 1974 நவம்பர் பதினொன்று, திங்கட்கிழமை காலைத் தபாலில் வந்தது. பத்துப் பக்கம். சரோல்தா கோட்டைக் கழற்றாமல் நின்றபடியே கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டினாள். எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள். இல்லை என்று சொல்கிறவர்கள் புளுகர்கள்.

"என்னடி, மனுஷன் கடிச்சு வெச்சிருக்கானா?" என்றாள் அடுத்த மேஜை வில்மா.

"இரு, பாக்கறேன்."

"உக்காந்து பாரு. மயங்கி விழுந்தா தூக்கறதுக்கு என் இடுப்புல தெம்பு இல்ல."

கடிக்கவில்லை. அதுதான் ஆச்சரியம். புதாபெஸ்டில் மொழி ஆராய்ச்சிப் பட்டத்துக்குப் போன பதினாலு பேரைத் தோமோரி ஒருவரே திருப்பி அனுப்பியிருந்தார். பட்டம் கேட்பவரை எல்லார் முன்னாலும் எதிர்த்துப் பேச வேண்டியதே அவர் வேலை. அதை அவர் விருந்துச் சாப்பாடு மாதிரி ரசித்துச் செய்வார் என்று பெயர். அந்த மனுஷன் ஒன்பதரைப் பக்கம் பாராட்டி எழுதியிருந்தார். கடைசி அரைப் பக்கத்தில் ஒரே ஒரு கேள்வி: 'கட்டுரையாளர் 1463ஆம் ஆண்டுக் கடிதத்தைத் தம் கண்ணால் பார்த்திருக்கிறாரா?'

"பாக்கலை," என்றாள் சரோல்தா.

"யாருதான் பாத்தா? சீட்டு இருக்கில்ல?" என்றாள் வில்மா.

அந்த அகராதி அலுவலகத்தில் சீட்டுக்கு மேல் பேச்சு கிடையாது. எந்தச் சொல் எந்தப் பழைய தாளில், எந்த வருஷம், எந்த வரியில் வருகிறது என்று எழுதி, எழுதியவரின் முதலெழுத்துகளை மூலையில் போட்டு, பெட்டியில் செருகுவார்கள். சுவர் முழுக்கப் பெட்டிகள், லட்சக்கணக்கில் சீட்டுகள். சீட்டுக்குப் பின்னால் போய் மூலத்தைத் தேடிப் பார்ப்பது, கூட வேலை செய்கிறவரைத் திருடன் என்று சொல்வதற்குச் சமம். யாரும் செய்ய மாட்டார்கள்.

சரோல்தாவின் கட்டுரை ஒரே ஒரு சொல்லைப் பற்றியது. கொச்சி. கேரளத்துக் கொச்சிக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஹங்கேரியில், வியன்னா போகும் சாலையில் கொச் என்று ஒரு கிராமம். அங்கே இலகுவான குதிரை வண்டி செய்தார்கள். கொச் ஊர் வண்டி, கொச்சி. ஜெர்மன்காரன் வாயில், இத்தாலிக்காரன் வாயில், பிரெஞ்சுக்காரன் வாயில் ஏறி, இங்கிலீஷ்காரனிடம் போய்க் கோச் ஆகி, நாம் பிளாட்பாரத்தில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு "எந்தக் கோச்சு, எந்தக் கோச்சு" என்று ஓடுகிறோமே, அதுவரைக்கும் வந்த சொல். ஆனால் ஹங்கேரிக்காரர்கள் கொடுத்த சொல் என்று எல்லாரும் ஒப்புக்கொண்டுவிடவில்லை. படுக்கையைக் குறிக்கும் தங்கள் சொல்லிலிருந்து வந்தது என்று ஜெர்மன்காரர்களில் சிலர் சொன்னார்கள். மூடுவண்டிக்குச் செக் நாட்டுக்காரர்கள் ஒரு சொல் வைத்திருந்தார்கள். இத்தாலியர்கள் வழக்கம்போல எல்லாம் லத்தீன் என்றார்கள். ஹங்கேரியத் தாள்களில் அந்தச் சொல் பதினைந்தாம் நூற்றாண்டின் கடைசியில்தான் தலைகாட்டுகிறது என்பதால், வியன்னாவில் ஒருவர் இருபது வருஷமாகச் சரோல்தாவின் அலுவலகத்தைக் கிண்டல் செய்து கட்டுரை எழுதிக்கொண்டிருந்தார்.

1463 என்று போட்ட ஒரே ஒரு சீட்டு அந்த ஆளின் வாயை அடைத்துவிடும். அதை ஆறு வருஷத்துக்கு முன் பெட்டியில் கண்டெடுத்தவள் சரோல்தா. அதன் மேல்தான் இருநூற்றுப் பத்துப் பக்கத்தையும் கட்டியிருந்தாள்.

பிப்ரவரியில் அவளுக்கு ஐம்பது. "ஐம்பதுக்குள்ள முடிச்சுக்குங்க தோழர், அதுக்கப்புறம் வந்து கேக்காதீங்க," என்று சொல்லித்தான் பட்டத்துக்கே அனுமதி கொடுத்திருந்தார்கள். பட்டம் வந்தால் வசந்தத்தில் அச்சேறும் தொகுதியில் ஆசிரியர் வரிசையில் அவள் பெயர் வரும். வராவிட்டால் கடைசிப் பக்கத்தில், பொடி எழுத்தில், 'உதவியவர்கள்' என்ற இடத்தில், தட்டச்சு செய்தவருக்கும் கூட்டித் துடைத்தவருக்கும் நடுவே. இருபத்திமூன்று வருஷ உழைப்புக்கு அதுதான் மிச்சம்.

இருபத்திமூன்று என்பது அவள் கணக்கு. ஆபீஸ் கணக்கில் பதினேழு. அதற்கு ஒரு காரணம் உண்டு. சரோல்தாவின் அப்பா கம்யூனிஸ்டுகளுக்கு முந்தைய ஆட்சியில் நீதிபதி. அந்தப் பாவத்துக்காக 1951இல், பரீட்சைக்கு மூன்று மாதம் இருக்கும்போது, பல்கலைக்கழகத்திலிருந்து அவளை வெளியே தள்ளினார்கள். எங்கேயும் வேலை இல்லை. அப்போது மெஷ்டெர் வில்மாதான் கூப்பிட்டாள். வில்மா பூட்டுத் தொழிலாளியின் மகள். அந்தக் காலத்தில் அதைவிடப் பெரிய ஜாதகம் கிடையாது. அரசாங்கம் கலைத்த மடங்களிலிருந்து லாரி லாரியாகக் கொண்டுவந்து கொட்டிய பழைய தாள்களை ஒரு நிலவறையில் வைத்துச் சீட்டு எழுதும் வேலை அவளுக்கு. நாளொன்றுக்கு அறுபது சீட்டு எழுதியே தீர வேண்டும். "கதவாண்ட நிக்கற கிழவனுக்குக் கண்ணு தெரியாது, வாடி உள்ள," என்றாள். சரோல்தா வில்மாவின் மேஜையில் உட்கார்ந்து, வில்மாவின் எழுத்தைப் போலவே எழுதி, மூலையில் எம்.வி. என்று போட்டாள். சாப்பாட்டுக் கூடத்தில் வில்மா ஒரு தட்டில் வாங்கி வருவாள். இரண்டு பேரும் தின்பார்கள்.

இரண்டு குளிர்காலம் அப்படிப் போனது. நடுவில் வில்மாவுக்கு நெஞ்சில் சளி கட்டி ஐந்து வாரம் மலை மேல் மருத்துவமனையில் கிடந்தாள். திரும்பி வந்த பத்தாம் நாள் ஒரு கூடை நிறையச் சீட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். மேலிடத்தில் மிரண்டுபோய், நோயிலும் உழைத்தவர் என்று வில்மாவின் படத்தைக் கௌரவப் பலகையில் மாட்டினார்கள். இருவரும் அதைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, வயிறு வலித்தது. நிலவறை வேலை முடிந்த பிறகும் வில்மா கொண்டுவந்து கொடுத்த மெய்ப்புகளைச் சரோல்தா வீட்டில் திருத்திக்கொண்டிருந்தாள். பின்னால் காலம் மாறி, ஐம்பத்தேழில் சரோல்தாவை முறைப்படி வேலைக்கு எடுத்தார்கள். கையால் எழுதிய சீட்டுகளையெல்லாம் அறுபத்தொன்றில் தட்டச்சில் அடித்து, பழையதைக் காகிதக் கூழுக்குப் போட்டாயிற்று. எம்.வி. என்று முடிகிற இருபத்தாறாயிரம் சீட்டில் எது யார் எழுதியது என்று இருவருக்குமே இப்போது தெரியாது. 1463 சீட்டிலும் எம்.வி. என்றுதான் இருந்தது.

"போய்ப் பாத்துட்டு வந்துடேன். பாத்தேன்னு சொன்னா அந்தக் கிழம் வாயை மூடிக்கும்," என்றாள் வில்மா.

அந்தக் கடிதம் இருந்த மடம் இப்போது மாவட்ட ஆவணக் காப்பகம். தாள்களைத் திருப்பிக் கொடுத்திருந்தார்கள். மடத்தைக் கலைத்தபோது துறவி உடையைக் கழற்றிய அன்செல்ம் என்பவர், அதே கட்டடத்தில், அதே அறையில், அரசாங்கச் சம்பளத்தில் காப்பாளர். ஊரில் இன்னும் அவரை ஃபாதர் என்றே கூப்பிட்டார்கள். சரோல்தா போய்ச் சேர்ந்ததும் கம்பளித் தொப்பியும் தேய்ந்த செருப்புமாக வந்து நின்றார்.

"வாங்க டாக்டரம்மா."

"இன்னும் டாக்டர் இல்லீங்க ஃபாதர். இருபத்தெட்டாம் தேதிதான்."

"நானும் இப்ப ஃபாதர் இல்ல. ரெண்டு பேரும் சரியாப் போச்சு. எந்தக் கடிதம்?"

சொன்னாள். கட்டைத் தேடிக்கொண்டே அவர் பேச்சுக் கொடுத்தார்.

"கொச்சியா! வியன்னாக்காரன் என்ன சொல்றான்?"

"அவங்க வார்த்தைங்கறான்."

"செக்காரன்?"

"அவனும் அதேதான்."

"இத்தாலிக்காரன்?"

"அவனுக்கு எல்லாமே அவனோடதுதான்."

"பாத்தீங்களா அக்கிரமத்தை. நம்ம வண்டியில ஓசியில ஏறிட்டு, எறங்கினதும் வண்டியே என்னுதுங்கறாங்க."

சரோல்தா சிரித்தாள். கட்டைப் பிரித்து, நாலு தாளை மேஜை மேல் வைத்தார். முதல் தாளின் தலையில் வருஷம் தெளிவாக இருந்தது, 1463. ஒன்பதாம் வரியில் அந்தச் சொல் இருந்தது. சீட்டில் கண்டது எழுத்துக்கு எழுத்துச் சரி. அவளுக்கு நெஞ்சு குளிர்ந்தது. ஒரு நிமிஷம் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்செல்ம் தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். முகம் மாறியது.

"அம்மா, இது அவ்வளவு பழைய காகிதம் இல்லையே."

"என்ன சொல்றீங்க?"

அவர் கடைசித் தாளின் பின்பக்கத்தைத் திருப்பி அவள் பக்கம் தள்ளினார். வேறு மையில், நாலே வரி லத்தீன். மூலம் எலி கடித்து நைந்துபோனதால், இக்காலத்தவர்க்கு விளங்கும் சொற்களை இட்டுப் பிரதி செய்தேன், 1787. கீழே ஒரு சாமியாரின் கையெழுத்து.

சரோல்தா மூன்று தடவை படித்தாள். விளங்கும் சொற்களை இட்டு. அந்தப் புண்ணியவான் பழைய கடிதத்தில் வண்டியைக் குறிக்கும் ஏதோ ஒரு லத்தீன் சொல் இருந்ததை எடுத்துவிட்டு, தன் காலத்தில் எல்லாரும் சொன்ன கொச்சியைப் போட்டிருக்கிறான். முன்னூற்று இருபத்துநாலு வருஷம் பிந்திய சொல்.

"யாரோ பக்கத்தைத் திருப்பலை," என்றார் அன்செல்ம் மெதுவாக.

கட்டோடு ஒரு துண்டுத் தாள் இருந்தது. யார், எப்போது பிரித்தார்கள் என்று குறிப்பது. ஒரே ஒரு பதிவு: 1952 பிப்ரவரி 12, எம்.வி. சரோல்தா அதை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டாள்.  அன்செல்ம் போட்டுக் கொடுத்த தேநீரைக் குடிக்காமலே கிளம்பினாள்.

ரயிலில் மூன்று மணி நேரம். முதல் மணி நேரம் அழுகை வந்தது. மிச்ச இரண்டு மணி நேரமும் ஆத்திரம்தான். நாலே நாலு தாள். கடைசித் தாளைத் திருப்ப எவ்வளவு நேரம் ஆகும்? மூச்சு விடும் நேரம். அந்த மூச்சை மிச்சம் பிடித்தாளே பாவி, ஆறு வருஷத்தைக் கொண்டுபோய்க் குப்பையில் போட்டாளே!

மறுநாள் காலை, அலுவலகத்தில் எல்லாரும் காபி கலந்துகொண்டிருந்த நேரம். சரோல்தா நேராக வில்மாவின் மேஜைக்குப் போய் நோட்டை விசிறிப் போட்டாள்.

"கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பாக்கணும்னு உனக்குத் தோணலையா?"

"என்னடி ஆச்சு?"

"உன் சீட்டு பொய்! 1787ல எவனோ காப்பி அடிச்சது. அதைப் போயி 1463ன்னு எழுதி வெச்சிருக்க. பன்னெண்டு பிப்ரவரி அம்பத்திரண்டு, எம்.வி.! அறுபது சீட்டு முடிச்சா போதும், படம் மாட்டுவாங்க, இல்ல? உன் சோம்பேறித்தனத்துக்கு என் ஆயுசுதான் கெடைச்சுதா?"

யாரோ கரண்டியைக் கீழே வைத்தார்கள். வில்மா நோட்டை எடுத்து அந்தத் தேதியைப் பார்த்தாள். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, பாவாடை ஓரத்தில் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டாள்.

"என் தப்புதான். அப்படியே சொல்லிடு," என்றாள்.

பிரிவுத் தலைவர் கார்டோஷ் சரோல்தாவை உள்ளே கூப்பிட்டார். கெட்டிக்காரர், எதையும் இரண்டு நிமிஷத்தில் தனக்கு ஆகிற மாதிரி திருப்பிவிடுவார்.

"எதுக்கு அழறே? இது உனக்கு அடிச்ச யோகம். சீட்டை நம்பாம நீயே போய் மூலத்தைப் பாத்தே, நீயே தப்பைக் கண்டுபிடிச்சே. தோமோரிக்கு இதைவிட என்ன வேணும்? பழைய ஆதாரங்க அப்படியே இருக்கு, கொச் ஊரும் அங்கேயேதான் இருக்கு. 1463ஐ நீயே வாபஸ் வாங்கு. சீட்டு எழுதினவங்க பிழைன்னு ஒரு வரி. மேடையில உன்னைத் தூக்கி வெச்சுக் கொண்டாடுவாங்க."

"வில்மா?"

"ஏப்ரல்ல ஓய்வு. அவளை யாரு என்ன பண்ணிடப் போறா? வழியனுப்பறப்ப ஒரு பதக்கம் கொடுக்கலாம்னு இருந்தோம். அது கெடையாது, அவ்வளவுதான். போய்ப் பிழைத் தாளை நிரப்பிக் கொடு."

பிழைத் தாள் என்பது அச்சடித்த படிவம். சீட்டு எண், சொல், எழுதியவர், எழுதிய தேதி. சரோல்தா வரிசையாக நிரப்பிக்கொண்டு வந்தாள். எழுதியவர், மெஷ்டெர் வில்மா. எழுதிய தேதி, 1952 பிப்ரவரி 12.

பேனா அங்கேயே நின்றது.

ஐம்பத்திரண்டு பிப்ரவரியில் வில்மா எங்கே இருந்தாள்? மலை மேல். சரோல்தாவே பனியில் பஸ் மாறிப் போய், பிளம் ஜாமும் பன்றிக்கொழுப்பு தடவின ரொட்டியும் கொடுத்துவிட்டு வந்தாள். பிப்ரவரி முழுக்க வில்மா படுக்கையை விட்டு எழுந்திருக்கவில்லை. நிலவறையில் அந்த மாதம் உட்கார்ந்து எழுதியது ஒரே ஒரு ஆள்தான். விரல் விறைத்துப்போய், கையுறையின் நுனியை வெட்டிவிட்டு, அறுபதை முடிக்கிற அவசரத்தில் தாளைத் தள்ளித் தள்ளி எழுதிய ஆள்.

அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. நாலு பேர் முன்னால் அப்படிக் கத்தினோமே, வில்மா ஒரு வார்த்தை திருப்பிப் பேசவில்லையே என்று நினைக்க நினைக்க வெட்கமாக இருந்தது.

வில்மா சமையல் மூலையில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தாள்.

"அது நான் எழுதினது," என்றாள் சரோல்தா.

"தெரியும்."

"தெரிஞ்சுமா வாயைத் திறக்காம நின்னே?"

"நீ திறக்க விட்டாத்தானே. என்னா தொண்டைடி உனக்கு! சந்தையில மீன் விக்கப் போயிருக்கலாம்."

"வில்மா, என்னை மன்னிச்சுடு. நான் போய்க் கார்டோஷ்கிட்ட..."

"ஒண்ணும் கிழிக்க வேணாம்." வில்மா ஈரக் கையோடு திரும்பினாள். "அது என் சீட்டு. மூலையில யார் எழுத்து இருக்கு? என்னுது. சொல்லிட்டுப் போ. ஏப்ரல்ல நான் வெலென்ட்ஸே ஏரிக்கரைக்குப் போறேன். எட்டு ஆப்ரிகாட் மரம் இருக்கு, ஒரு பூனை இருக்கு. அந்தத் தகரப் பதக்கத்தை வாங்கிப் பூனைக்கா மாட்டப் போறேன்? நீ ஒழுங்கா அந்தப் பட்டத்தை வாங்கு. மேடையில நின்னு உண்மை வெளக்கெண்ணெய்னு உளறினேன்னு வெச்சுக்கோ, செத்தாலும் உன்னோட பேச மாட்டேன்."

சரோல்தாவுக்குப் பட்டம் வேண்டும். அதை மறைப்பானேன்? பைத்தியம் பிடித்த மாதிரி வேண்டும். அவளோடு படித்தவர்கள் பேராசிரியர்களாகித் தொப்பை வளர்த்து, அவளைப் பார்த்தால் "என்ன சரோல்தா, இன்னும் சீட்டுத்தானா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரே ஒரு தடவை தன் பெயர் பெரிய எழுத்தில் வந்தால் போதும் அவளுக்கு. "சரி," என்று சொன்னாள். சொன்னதும் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. படிவத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

இருபத்தெட்டாம் தேதி, வியாழக்கிழமை, கூட்டம் நிரம்பியிருந்தது. நீள மேஜையில் தோமோரியையும் சேர்த்துத் தீர்ப்புக் குழு ஒன்பது பேர், தண்ணீர்க் கூஜா. பின் அறையில் துணி மூடிய தட்டுகளில் சாண்ட்விச்சும், வில்மா விடிகாலையில் எழுந்து சுட்டுக் கொண்டுவந்த பொகாச்சா என்ற சின்ன உப்பு ரொட்டியும். பட்டம் வாங்கியதும் எல்லாரும் தின்ன வேண்டும் அல்லவா? மூன்றாம் வரிசையில், இருக்கிற ஒரே நல்ல உடுப்பான சாம்பல் கவுனைப் போட்டுக்கொண்டு வில்மா உட்கார்ந்திருந்தாள்.

சரோல்தா நன்றாகப் பேசினாள். 1463ஐ வாபஸ் வாங்குவதாகச் சொன்னபோது கூடத்தில் சலசலப்பு. மூலத்தைத் தேடிப் போனதைச் சொன்னாள். கொச் கிராமத்தின் பக்கம் ஆதாரங்கள் இன்னும் வலுவாகவே இருப்பதையும், வியன்னாக்காரருக்கு முழுப் பதில் சொல்ல இப்போது தன்னிடம் சரக்கு இல்லை என்பதையும் ஒளிக்காமல் சொன்னாள். சீட்டு எழுதியவரின் கவனக்குறைவு என்ற வரியையும் படித்தாள். அந்த இடத்தில் மட்டும் குரல் கொஞ்சம் தாழ்ந்தது.

தோமோரி எழுந்தார். எழுபது வயது, ஒல்லி, கைத்தடி.

"கட்டுரையாளர் பதிலில் எனக்குத் திருப்தி. சீட்டில்தான் எனக்குத் திருப்தி இல்லை. இந்த எம்.வி. என்பவர் கடைசிப் பக்கத்தைத் திருப்பாமல் வருஷம் எழுதுகிறவர் என்றால், இவருடைய மற்றச் சீட்டுகளை வைத்து நீங்கள் எப்படி அகராதி போடுகிறீர்கள்? அவர் இங்கே இருக்கிறாரா?"

கார்டோஷ் கையால் மூன்றாம் வரிசையைக் காட்டினார். வில்மா எழுந்து நின்றாள். கைப்பையை இரண்டு கையாலும் வயிற்றோடு பிடித்திருந்தாள்.

"அம்மா, உங்களுக்கு லத்தீன் தெரியுமா?"

"தெரியுங்க, பேராசிரியர்."

"தெரிந்துமா பார்க்கவில்லை? எத்தனை வருஷம் இப்படிப் படிக்காமல் எழுதிக்கொண்டிருந்தீர்கள்?"

"ஞாபகம் இல்லீங்க."

பின் வரிசையில் யாரோ பக்கென்று சிரித்தார்கள். "கௌரவப் பலகையில படம் வேற மாட்டியிருந்தாங்க," என்று இன்னொரு குரல். வில்மாவின் கழுத்து சிவந்துபோயிற்று. தலையைக் குனியாமல் அப்படியே நின்றாள்.

"அவங்களை உக்காரச் சொல்லுங்க," என்றாள் சரோல்தா.

குழுத் தலைவர் நிமிர்ந்தார்.

"உக்காரச் சொல்லுங்க! அந்தச் சீட்டு அவங்க எழுதலை. நான் எழுதினது. அம்பத்திரண்டு பிப்ரவரியில அவங்க ஆஸ்பத்திரியில இருந்தாங்க. அவங்க பேரைப் போட்டுக்கிட்டு நான்தான் நிலவறையில உக்காந்து எழுதினேன். என்னை அப்ப எங்கயும் வேலைக்குச் சேர்க்கலை."

"பொய்!" என்று கத்தினாள் வில்மா. "அவ பொய் சொல்றா, அது என் சீட்டு! சரோல்தா, வாயை மூடுடி!"

"நீ மூடு! எத்தனை நாளைக்குத்தான் என் பாரத்தையெல்லாம் நீயே சுமப்பே?"

"மெஷ்டெர் தோழர்!" தலைவர் மணியைத் தட்டினார். தட்டிக்கொண்டே இருந்தார். தோமோரி இரண்டு பெண்களையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "நாற்பது வருஷமாக இந்த மேஜையில் உட்கார்கிறேன். தப்பு என்னுடையது இல்லை என்று சண்டை போடுகிறவர்களைத்தான் இதுவரை பார்த்திருக்கிறேன்," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

"எம்.வி. என்று மொத்தம் எத்தனை சீட்டு?" என்று கேட்டார் தலைவர்.

"இருபத்தாறாயிரம்."

"அதில் உங்களுடையது எது, அவருடையது எது?"

"தெரியாதுங்க."

அதோடு முடிந்தது கதை. இருபத்தாறாயிரம் சீட்டு யாருடையது என்றே தெரியாதபோது தொகுதி எப்படி அச்சுக்குப் போகும்? கார்டோஷின் முகம் வெளுத்துவிட்டது. ஒன்பது பேரும் ரகசியமாக மதிப்பெண் போட்டார்கள். ஆளுக்கு அதிகபட்சம் மூன்று, மொத்தம் இருபத்தேழு. பதினெட்டு வேண்டும். பதினேழு வந்தது.

நடைவழியில் தோமோரி கைத்தடியை ஊன்றிக்கொண்டு அவள் பக்கத்தில் ஒரு நிமிஷம் நின்றார். "நான் போட்டது மூன்று," என்றார். வேறு எதுவும் சொல்லாமல் படி இறங்கிப் போனார். பின் அறையில் பொகாச்சாவைத் தின்ன யாரும் வரவில்லை. வில்மா துணியோடு தட்டைத் தூக்கிக்கொண்டு, சரோல்தாவைத் திரும்பியும் பார்க்காமல் டிராமில் ஏறிவிட்டாள்.

சொன்னபடியே வில்மா பேச்சை நிறுத்தினாள். அடுத்தடுத்த மேஜை. டிசம்பர், கிறிஸ்துமஸ், ஜனவரி. பிப்ரவரியில் சரோல்தாவுக்கு ஐம்பது வந்தது, போனது. ஒரு வார்த்தை இல்லை. பசை வேண்டுமென்றால் வில்மா எழுந்து எட்டு மேஜை தள்ளிப் போய் வாங்கி வருவாள். சரோல்தாவைத் தண்டிக்க மேலிடம் ஒரு கூட்டம் போட்டுப் பார்த்தது. ஐம்பத்திரண்டில் ஆபீஸ் கணக்கிலேயே இல்லாத ஆளை ஐம்பத்திரண்டில் செய்த தப்புக்கு எப்படித் தண்டிப்பது என்று தெரியாமல் விட்டுவிட்டார்கள். அச்சைத் தள்ளிப் போட்டார்கள். இருபத்தாறாயிரம் சீட்டையும் மூலத்தோடு வைத்துச் சரிபார்க்கும் வேலையை அவளிடமே கொடுத்தார்கள். எப்படியும் நாலைந்து வருஷம் பிடிக்கும். பின்கட்டில் ஒரு அறை, ஒரு மேஜை, கூரைவரைக்கும் பெட்டிகள்.

ஏப்ரல் நாலாவது வெள்ளிக்கிழமை வில்மாவுக்கு வழியனுப்பு. பதக்கம் இல்லை. ஒரு கேக்கும் ஒரு பூச்சட்டியும் கொடுத்தார்கள். சரோல்தா கடைசி வரிசையில் நின்று கை தட்டினாள்.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு அந்தப் பின்கட்டு அறையின் கதவு திறந்தது. வில்மா. வீட்டுச் செருப்பை ஒரு காகிதப் பையில் கொண்டுவந்திருந்தாள். கோட்டை ஆணியில் மாட்டி, செருப்பை மாற்றிக்கொண்டு, மேஜைக்கு அந்தப் பக்கம் வந்து நின்றாள்.

"நகரு," என்றாள். ஐந்து மாதத்தில் முதல் வார்த்தை.

சரோல்தா பேனாவை வைத்தாள். "உனக்குத்தான் ஓய்வு கொடுத்தாச்சே. ஏரிக்கரைக்குப் போகலையா?"

வில்மா முதல் பெட்டியை இழுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டாள்.

"வேணாம் வில்மா. இதெல்லாம் நான் பண்ணின கோளாறு. நீ எதுக்கு வந்து..."

"எல்லாச் சீட்டுலயும் என் பேருதான்டி இருக்கு," என்றாள் வில்மா, கண்ணாடியை மாட்டியபடி. "உன் பேரு எங்க இருக்கு? ஒரு எடத்துல காட்டு பாப்போம்."

சரோல்தா மேஜை மேல் கிடந்த சீட்டுகளை ஓரமாகத் தள்ளினாள். நாற்காலியோடு நகர்ந்து இடம் விட்டாள்.